டிக்கெட் 183, செலவு 1,700: தியேட்டர்ல படம் பாக்குறது கட்டுப்படியாகுமா?

"டிக்கெட் விலை எங்கேயோ போயிடுச்சு. நாலு பேர் தியேட்டருக்குப் போனா ரெண்டாயிரம் காலி. வீட்லயே பாத்துக்கலாம்." சென்னையில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடே இருக்காது. ஆனால் டிக்கெட் விலையை மட்டும் எடுத்துப் பார்த்தால், நாட்டின் மற்ற பெருநகரங்களோடு ஒப்பிடும்போது சென்னையில் அது குறைவுதான். அப்படியிருந்தும் வீடு திரும்பும்போது பர்ஸ் காலியாவது ஏன்? அந்தப் பணம் யாருக்குப் போகிறது? எதைக் குறைக்க முடியும்?

கோட்டூர்புரத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் பங்களாக்கள், இன்னொரு பக்கம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள். இரண்டு பக்கத்துக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். ஆனால் 'கட்டுப்படியாகுமா' என்ற கேள்விக்கு இரு வீடுகளிலும் ஒரே பதில் வராது.

டிக்கெட் விலையை யார் முடிவு பண்றாங்க?

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அரசு. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இந்த அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த ஆணைப்படி, மல்டிபிளெக்ஸ்களில் அதிகபட்சக் கட்டணம் ரூ.150, குறைந்தபட்சம் ரூ.50. மாநகராட்சிப் பகுதியில் உள்ள ஏசி வசதி கொண்ட மற்ற தியேட்டர்களில் அதிகபட்சம் ரூ.100. வரி தனி.

இந்த உச்சவரம்புக்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. மும்பை, டெல்லியில் சனி, ஞாயிறுகளிலும் பெரிய படம் வரும்போதும் விலை ஏறும். சென்னையில் திங்கட்கிழமை மதியக் காட்சிக்கும் ஞாயிறு மாலைக் காட்சிக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் இதேபோல ரூ.200 உச்சவரம்பு கொண்டுவந்தது. மல்டிபிளெக்ஸ் தரப்பு நீதிமன்றம் போனது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பெரிய ஹீரோ படத்தின் முதல் நாள் டிக்கெட் ஆயிரம், இரண்டாயிரம் என்று கை மாறுகிறதே என்று கேட்கலாம். அது விதிக்கு வெளியே நடப்பது. தியேட்டரே கூடுதல் கட்டணம் வாங்கினால், உரிமம் கொடுக்கும் அதிகாரியிடம் புகார் செய்யலாம். சென்னையில் அந்தப் பொறுப்பு போலீஸ் கமிஷனருக்கு, மாவட்டங்களில் கலெக்டருக்கு.

அந்தக் காசு யாருக்குப் போகுது?

ரூ.150 டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரி. தமிழ்ப் படங்களுக்கு 8 சதவீதமாக இருந்த இந்த வரி 2025-ல் 4 சதவீதமாகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்தால் டிக்கெட் சுமார் 183 ரூபாய். இதில் 33 ரூபாய் வரியாகவே போய்விடும்.

மீதி 150 ரூபாயைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். 2009-ல் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் பெரிய மோதல் வந்து, இரண்டு மாதம் புதுப்பட ரிலீஸ் நின்றது. அப்போது ஏற்பட்ட உடன்பாட்டில், முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதற்குப் பிறகு 30 என்று விநியோகஸ்தர் பங்கு இறங்கிக்கொண்டே வரும். தமிழ்நாட்டில் படத்துக்குப் படம் பேசி முடிவு செய்கிறார்கள். பெரிய ஹீரோ படமென்றால் முதல் வாரத்தில் விநியோகஸ்தர் கைதான் ஓங்கும்.

ஒரு உதாரணத்துக்குப் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டால்கூட, நீங்கள் கொடுக்கும் 183-ல் தியேட்டர் கையில் நிற்பது 75 ரூபாய். அதில்தான் கரண்ட் பில், ஏசி, சம்பளம், வாடகை எல்லாம். டிக்கெட் விலையை ஏற்றவும் முடியாது. அப்போ லாபம் எங்கிருந்து வரும்?

பாப்கார்ன் ஏன் இவ்வளவு விலை?

லாபம் வருவது இங்கேதான். டிக்கெட் காசில் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு, பாப்கார்ன் காசில் கிடையாது. கேன்டீன் வருமானம் முழுக்கத் தியேட்டருக்கே. வரியும் குறைவு: தியேட்டர் உணவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது.

நாட்டின் மிகப்பெரிய தியேட்டர் நிறுவனமான பிவிஆர் ஐநாக்ஸின் 2023-24 கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுக்க அவர்களின் சராசரி டிக்கெட் விலை ரூ.259. ஒரு ரசிகர் தின்பண்டத்துக்குச் செலவழித்தது சராசரியாக ரூ.132. எதுவுமே வாங்காமல் வந்தவர்களையும் சேர்த்த சராசரி இது. ராயப்பேட்டை சத்யம், எக்ஸ்பிரஸ் அவென்யூ எஸ்கேப், வடபழனி பலாஸோ எல்லாம் 2018-ல் கைமாறி இப்போது இந்த நிறுவனத்திடம்தான் இருக்கின்றன.

சரி, வீட்டிலிருந்து முறுக்கு கட்டிக்கொண்டு போகலாமா? தியேட்டர் அனுமதித்தால் போகலாம். வெளி உணவைத் தடுக்க தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் இரண்டு விஷயங்களையும் பதிவு செய்தது: சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும்; கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் எடுத்துப் போவதைத் தடுக்கக் கூடாது. அதனால் தண்ணீர் பாட்டில் வாங்கித்தான் ஆகணும் என்று யாராவது சொன்னால், "குடிக்கிற தண்ணி எங்கே இருக்கு?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

கோட்டூர்புரத்தில் இருந்து போனா எவ்வளவு ஆகும்?

கோட்டூர்புரத்துக்குள் தியேட்டர் இல்லை. ராயப்பேட்டைக்கோ வேளச்சேரிக்கோதான் போகணும். நாலு பேர் கொண்ட குடும்பம் வேளச்சேரி மாலுக்குப் போய்த் தமிழ்ப் படம் பார்ப்பதாக மூன்று கணக்கு போடுவோம். போக்குவரத்துச் செலவு மட்டும் உத்தேசம்.

முதல் கணக்கு, வழக்கம்போல: டிக்கெட் 4 பேருக்கு ரூ.732. ஆன்லைன் புக்கிங் கட்டணம் டிக்கெட்டுக்கு 35 ரூபாய் வீதம் ரூ.140. தின்பண்டம், மேலே சொன்ன சராசரிப்படி ரூ.528. போக வர ஆட்டோ ரூ.300. மொத்தம் ரூ.1,700. இதில் டிக்கெட்டின் பங்கு பாதிகூட இல்லை.

இரண்டாவது கணக்கு, டிக்கெட் மட்டும்: கவுன்ட்டரில் டிக்கெட் ரூ.732. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தின்பண்டச் செலவு இல்லை. கோட்டூர்புரம் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, வேளச்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால், நாலு பேருக்கும் போக வர ரூ.120 போதும். மொத்தம் ரூ.852. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பஸ்ஸில் போனால் இன்னும் குறையும்.

மூன்றாவது கணக்கு, முன் வரிசை: மல்டிபிளெக்ஸிலும் திரைக்கு அருகே சில இருக்கைகள் குறைந்த விலைக்கு உண்டு. 2017 வரை சத்யம் போன்ற இடங்களில்கூட இது 10 ரூபாய். இப்போது ரூ.50, வரியோடு சுமார் 55. நாலு பேருக்கு ரூ.220, போக்குவரத்து ரூ.120. மொத்தம் ரூ.340.

ஒரே படம், ஒரே திரை, ஒரே ஏசி. செலவு மட்டும் 340-லிருந்து 1,700 வரை, ஐந்து மடங்கு வித்தியாசம். கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அந்த இருக்கைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆனால் அப்படி ஒரு டிக்கெட் இருப்பதே பலருக்குத் தெரியாது.

100 ரூபாய் அல்லது அதற்குக் குறைவான டிக்கெட்டுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. முன் வரிசைக்கும் ஒற்றைத் திரை தியேட்டர்களுக்கும் இது பொருந்தும். 150 ரூபாய் டிக்கெட்டுக்கு மாற்றம் இல்லை.

நாலு வாரம் காத்திருந்தா?

ரூ.1,700 பலருக்கு இரண்டு நாள் கூலி. அப்படிப்பட்ட வீட்டில் "ஓடிடி-ல வரட்டும்" என்பது நியாயமான முடிவுதான். காத்திருக்க வேண்டிய நாளும் அதிகமில்லை. 2025 ஆகஸ்ட் 14-ல் ரிலீஸான 'கூலி', செப்டம்பர் 11-ல் பிரைம் வீடியோவில் வந்துவிட்டது. சரியாக நாலு வாரம். 'தக் லைஃப்' எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு வரும் என்றார்கள். ஜூன் 5-ல் வெளியான படம் ஜூலை 3-ல் நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது. இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாடு தியேட்டர் உரிமையாளர்களின் நெடுநாள் கோரிக்கை. காரணம், நாலு வாரம் என்று தெரிந்தாலே பாதிப் பேர் கிளம்ப மாட்டார்கள்.

ஆனால் ஓடிடி கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தியேட்டரில் ஆளுக்கு ஒரு டிக்கெட், ஓடிடியில் வீட்டுக்கு ஒரு சந்தா. அதனால் தனியாளுக்கு மாதம் ஒரு படம் தியேட்டரில் பார்ப்பது பெரிய செலவில்லை. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஓடிடி மலிவு. அதே நேரம் ஒரு படம் ஒரு தளத்தில், அடுத்த படம் இன்னொரு தளத்தில் வரும். பிரைம் ஆண்டுச் சந்தா ரூ.1,499. நெட்ஃப்ளிக்ஸில் ரூ.149 பிளான் மொபைல், டேப்லெட்டுக்கு மட்டும், டிவியில் ஓடாது. மூன்று தளத்துக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்றையும் பார்க்காத வீட்டில் அதுவும் வெட்டிச் செலவுதான்.

பக்கத்துத் தியேட்டர் எங்கே போச்சு?

கட்டுப்படியாகாமல் போனதற்குத் தூரமும் ஒரு காரணம். மயிலாப்பூரில் கபாலி, காமதேனு, தி.நகரில் ராஜகுமாரி, நாகேஷ், அடையாறில் ஈராஸ் என்று தென் சென்னையில் நடந்தே போகும் தூரத்தில் தியேட்டர்கள் இருந்த காலம் உண்டு. இவை எதுவும் இன்று தியேட்டராக இல்லை. அண்ணா சாலை சாந்தி 2016-ல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-ல் மூடியது. டிக்கெட்டில் கிடைப்பதைவிட அந்த நிலத்தின் மதிப்பு பல மடங்கு. உரிமையாளருக்கு விற்பதே லாபம்.

பக்கத்துத் தியேட்டர் போனதும் ஆட்டோ, பார்க்கிங், மால் சாப்பாடு எல்லாம் படத்தோடு சேர்ந்துவிட்டன. சினிமா என்பது இரண்டரை மணி நேரப் பொழுதுபோக்காக இருந்தது போய், ஒரு நாள் அவுட்டிங் ஆகிவிட்டது. விலை ஏறியதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

அப்போ, எப்போ போகலாம்?

* திரையும் சத்தமும் பெரிதாகத் தேவைப்படும் படம், அல்லது கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துப் பார்க்க வேண்டிய படம் என்றால் தியேட்டர். மற்றவற்றுக்கு நாலு வாரம் பொறுக்கலாம்.

* கூட்டம் குறைவான நாளில் கவுன்ட்டரில் வாங்கினால் புக்கிங் கட்டணம் மிச்சம். நாலு பேருக்கு 140 ரூபாய் என்பது முன் வரிசையில் இரண்டு டிக்கெட்டுக்கும் மேல்.

* புக் செய்யும் முன் குறைந்த விலை வரிசையையும் ஒருமுறை பாருங்கள்.

* முதல் நாள் முதல் காட்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது படத்துக்கான விலை இல்லை, முதலில் பார்த்தோம் என்பதற்கான விலை. மூன்றாவது நாளும் அதே படம்தான், 183 ரூபாய்க்கு.

* தின்பண்டம் வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். இன்டர்வெல்லில் குழந்தை கையைப் பிடித்து இழுக்கும்போது யாராலும் கணக்கு போட முடியாது.

படம் நன்றாக இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 340 ரூபாய் செலவழித்துப் பார்த்த படம் சுமாராக இருந்தால் பேசிச் சிரித்துக்கொண்டே வீடு வந்துவிடலாம். 1,700 செலவழித்த பிறகு அது கொஞ்சம் கஷ்டம்.