'மிக நன்று' எழுதிக் கொடுத்தவர்

சென்ற மாதம் நம் சங்கத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. மாலை 5 மணிக்குக் கருத்துப் படிவம் கொடுத்தோம். வந்தவர்கள் 32 பேர். 32 படிவத்திலும் 'மிக நன்று'. செயலாளருக்குப் பரம சந்தோஷம். எனக்கு மட்டும் 1995-ல் நாகபுரியில் பார்த்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்போது ஒரு வங்கியின் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். கிளைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். குமாஸ்தாக்களுக்கு 4 நாள் வகுப்பு. இரண்டு பேருக்கு ஒரு மெஷின். கடைசி நாள், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், எல்லாரும் படிவத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், பெட்டியோடு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நாலு நாளும் நான் கீபோர்டைத் தொடவே இல்லை. பக்கத்துல இருந்த பையனே எல்லாம் பண்ணிட்டான். கேட்க வெட்கமா இருந்தது."

அவர் படிவத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் 'மிக நன்று' தான். பெயர் எழுதச் சொல்லியிருந்தோம். மேலதிகாரிக்குப் போகும் என்பதும் தெரியும். வேறு என்ன எழுதுவார், பாவம்?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா. நாங்கள் முதல் படியில் நின்றுகொண்டே நான்கும் ஏறிவிட்டதாக ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வகுப்பிலிருந்து முதல் நாள் டீ வேளையிலேயே துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். எது புரியவில்லை, எதை மாற்றலாம் என்று இரண்டே கேள்வி. காலி பிஸ்கட் டின்னில் போட வேண்டியது. மறுநாள் காலை எல்லாவற்றையும் உரக்கப் படித்து, எதை மாற்றினோம், எது முடியாது என்று சொல்லிவிடுவேன். படிக்காமல் விட்டால் மூன்றாம் நாள் டின் காலியாகவே இருக்கும். பக்கத்து ஆள் மெஷினை விடுவதில்லை என்று முதல் தடவையே 5 சீட்டு வந்தது. அரை மணிக்கொரு முறை கை மாற வேண்டும் என்று விதி வைத்தோம். (ஒரு சீட்டு என் ஹிந்தியைப் பற்றி. அதையும் படித்தேன்!)

கும்பகோணத்துக்காரர் 2001-ல் விருப்ப ஓய்வில் போய்விட்டார். கடைசி வரை கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை என்று அந்தக் கிளையில் சொன்னார்கள்.

நம் பயிற்சியிலும் பின்வரிசையில் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லையாம். ஒரு சகோதரி பஸ் ஸ்டாப்பில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த பயிற்சிக்கு டின் என் பொறுப்பு. பிஸ்கட்டை யாராவது தீர்த்துக் கொடுங்கள்.