குமிழி விடாத டோர்பிடோ

பேசாலையிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்: "1944இல் கொழும்புக்கு மா கொண்டுவந்த கப்பலை நீர்மூழ்கி அடித்ததாமே. டோர்பிடோ வருவதைக் கண்டு விலகியிருக்கலாம்தானே?"

அது ஒல்லாந்தரின் சிசலாக். மெல்பேணில் கோதுமை மா ஏற்றி, காவல் கப்பல் இல்லாமல் தனியே வந்தது. பர்மா அரிசி நின்று, நம் ஆட்கள் பாணுக்குப் பழகிய காலம். மார்ச் 26 விடியற்காலை ஜப்பானியரின் ஐ-8 நீர்மூழ்கி அடித்தது. உயிர்காப்புப் படகுகளில் ஏறியவர்களையும் தன் மேல்தட்டுக்கு அழைத்துக் கொன்றது. ஊர் திரும்பிக்கொண்டிருந்த இந்திய லஸ்கார் மாலுமிகள் உட்பட நூறு பேருக்கு மேல் இருந்த கப்பலில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர். அதற்கு மேல் எழுத மனமில்லை.

கேள்விக்கு வருகிறேன். பழைய டோர்பிடோவின் எஞ்சினில் எரிபொருள் எரிய அமுக்கிய காற்றை அடைத்தார்கள். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். அது எரியாது, லேசில் கரையாது. வெள்ளைக் கோடாகக் கடல்மேல் பொங்கும். அந்தக் கோட்டைக் கண்டு சுக்கானைத் திருப்பித் தப்பிய கப்பல்கள் உண்டு. ஜப்பானியர் தங்கள் 95ஆம் வகை டோர்பிடோவில் காற்றுக்குப் பதில் ஒட்சிசனை அடைத்தார்கள். அதில் மண்ணெண்ணெய் எரிந்தால் மிஞ்சுவது நீராவியும் காபனீரொட்சைட்டும். ஆவி தண்ணீராகிவிடும், மற்றது சோடாவில் கரைவது போலக் கடலில் கரையும். 400 கிலோ வெடிமருந்து மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும். மேலே கோடு தெரிவதே அரிது. எடுத்த எடுப்பில் ஒட்சிசனில் கிளப்பினால் எஞ்சின் வெடித்துவிடும் என்பதால், காற்றில் கிளப்பி மெல்ல மெல்ல ஒட்சிசனுக்கு மாற்றினார்கள். கெட்டித்தனம்தான், என்ன செய்ய!

குமிழி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு விளங்கியது மாமாவால். அவர் சிலிண்டரோடு சங்கு குளிக்க இறங்கினால் வள்ளத்தில் என் வேலை குமிழி பார்ப்பது. குமிழி போகும் பக்கம் வள்ளமும் போகவேண்டும். குமிழி வந்தால் மாமா உயிரோடு இருக்கிறார்.

மாமாவின் சிலிண்டரிலும் இருப்பது காற்றுதான்; அதே நைதரசன் ஆழத்தின் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்துவிடும். அவதிப்பட்டு ஏறினால், சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி. சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கிக் கால் விளங்காமல் போன பெடியளை எனக்குத் தெரியும். கரையில் சங்கை எண்ணி வாங்குகிறவர்கள், இறங்கியவன் அன்றைக்கு எத்தனை சிலிண்டர் முடித்தான் என்று எண்ணுவதில்லை. பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லிக்கொடுப்பதாகக் காணோம்.

அப்படி ஆகாமலிருக்க, மாமா ஏறும்போது கடைசி மூன்று பாகத்தில் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். குமிழி ஒரே இடத்தில் பொங்கிக்கொண்டிருக்கும். எனக்கோ பசி. ஒருநாள் பொறுக்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் ஆறுதலாக மேலே வந்து, வாய்க்குழாயைக் கழற்றிவிட்டு, முதல் வேலையாகத் தலையில் ஒரு குட்டு வைத்தார்.