கடல் கடந்த குரல்

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் தூரம் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தூரத்தைத் தம் வீட்டு மாடியில் கட்டிய ஒரு கம்பியால் கடப்போர் சிலர் உளர். அவர்களே அமெச்சூர் வானொலியர். 'ஹாம்' என்றும் அழைக்கப்படுவர்.

1924 அக்டோபர் 18 அன்று, நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை நடத்திய ஃப்ராங்க் பெல், லண்டன் மில் ஹில் பள்ளியில் இருந்த செசில் காய்டர் என்ற இளைஞருடன் மோர்ஸ் ஒலிகளால் உரையாடினார். இடைத்தூரமோ 18,000 கிலோமீட்டருக்கும் மேல்! பெரிய நிறுவனங்கள் நீண்ட அலைகளை நம்பியிருந்த காலத்தில், பயனற்றவையென்று அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட சிற்றலைகளே இவ்வருஞ்செயலைச் செய்தன.

இஃது எங்ஙனம் இயன்றது? வானில் மிக உயரத்தே, ஞாயிற்றின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் உள்ளது. சிற்றலைகள் அங்கே வளைந்து பூமிக்குத் திரும்புகின்றன. கடலிலோ நிலத்திலோ பட்டு மறுபடியும் மேலெழுகின்றன. இவ்வாறு தாவித் தாவி உலகைச் சுற்றுகின்றன. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொரு முறை சூரியப் புள்ளிகள் மிகும்போது இத்தாவல் மேலும் சிறக்கும். 100 வாட் ஆற்றலே கண்டம் கடக்கப் போதுமானது.

எங்கள் ரயில்வே குடியிருப்பில் லைசென்ஸ் பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு மாலை அவர், "சீக்யூ, சீக்யூ" என்று நெடுநேரம் அழைத்தார். இரைச்சலுக்கிடையே ஜப்பானியர் ஒருவரின் குரல் மெல்ல மறுமொழி கூறியது. என் மெய் சிலிர்த்தது.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அம்மையார் போர்ட் பிளேயரிலிருந்து உலக நாடுகளின் அமெச்சூர்களுடன் பேசிவந்தார். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிற்று, தொலைபேசிகள் செயலற்றன. அவருடைய வானொலி வாயிலாகவே தீவினர் பலரைப் பற்றிய செய்தி நிலப்பகுதியை எட்டியது.

அந்நாளில் என் சிற்றப்பாவும் அந்தமானில் இருந்தார். பாட்டியார் மூன்று நாள் அன்னம் தொடாமல் வாசற்படியிலேயே அமர்ந்திருந்தார். "நலம்" என்ற ஒரு சொல் வந்த பின்னரே எழுந்தார். அச்சொல் எவ்வழியே வந்ததென்று இன்றும் அறியேன். ஆயினும் இரைச்சலினூடே ஒரு குரல் அழைக்கும்போதெல்லாம் பாட்டியாரின் முகமே என் கண்முன் எழுகிறது.

மத்திய அரசின் தேர்வில் தேறியோர்க்கு லைசென்ஸ் கிடைக்கும். நம் சங்கத்து இளைஞர் இருவரேனும் இதற்கு முன்வருவாராக! துன்பம் நேரும் நாளில், காத்திருக்கும் ஏதோ ஒரு வாசற்படிக்கு அவர்கள் துணையாவர்.