சிவப்பு என்றால் காடா, காயமா?

1980 மே 18, காலை 8.32 மணி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் வடக்குச் சரிவு, 5.1 ரிக்டர் நிலநடுக்கத்தில் குலுங்கி அப்படியே பெயர்ந்து விழுந்தது. கூடவே மலையும் வெடித்தது. 2,950 மீட்டர் உயர மலை 2,549 மீட்டராகக் குறுகிப்போனது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதலே புவியைப் படமெடுத்து வருவதால், வெடிப்புக்கு முந்தைய படங்களும் பிந்தைய படங்களும் கைவசம் இருக்கின்றன. முந்தைய படத்தில் மலையைச் சுற்றி ஒரே சிவப்பு. நெருப்போ என்று பதற வேண்டாம், அது காடு. செழிப்பான இலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். அதைச் சிவப்பாக மாற்றிக் காட்டுவதுதான் பொய்நிறப் படம். இயல்பான நிறத்தில் அடர்ந்த ஊசியிலைக் காடும் ஆழமான ஏரியும் ஏறக்குறைய ஒரே கருமையாகத் தெரியும். பொய்நிறப் படத்திலோ காடு சிவப்பு, ஏரி கருநீலம். குழப்பமே இல்லை. பிந்தைய படத்தில் வடக்கே விசிறிபோல் சாம்பல் நிறம் விரிந்து கிடக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறுகிறது. பசுமை திரும்புகிறது என்று பொருள்.

ஆனால் எந்த இடம் எவ்வளவு தாழ்ந்தது என்று இந்தப் படம் சொல்லாது. அதற்கு உயர வேறுபாட்டு வரைபடம் வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் புதிய உயரத்திலிருந்து பழைய உயரத்தைக் கழித்து, குறைந்த இடத்துக்குச் சிவப்பு, கூடிய இடத்துக்கு நீலம், மாறாத இடத்துக்கு வெள்ளை என்று தீட்டுவார்கள். எரிமலை வாய் அடர்சிவப்பாகிவிடும். டூட்டில் ஆற்றின் வடகிளைப் பள்ளத்தாக்கு நீலமாகும். சரிந்த மலை, சுமார் 2.5 கன கிலோமீட்டர் பாறையும் மண்ணும், அங்கேதான் சராசரியாக 45 மீட்டர் கனத்துக்குக் குவிந்தது. மலை இழந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

வானவில்லின் ஏழு நிறங்களையும் அள்ளித் தெளித்தால் படம் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் ஏமாற்றும். நடுவிலுள்ள மஞ்சள், விசேஷம் எதுவும் இல்லாத இடத்தையும் எடுப்பாகக் காட்டிவிடும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்தால் நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற வரிசையில் இந்தச் சிக்கல்கள் குறைவு. வெள்ளை சரியாகச் சுழியத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு படத்தில் சிவப்பு உயிர், மற்றொன்றில் இழப்பு. சிலர் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றியும் போடுவதுண்டு. ஆகவே இத்தகைய படம் கண்ணில் பட்டால் மலையைப் பார்ப்பதற்கு முன் ஓரத்திலுள்ள நிற விளக்கப் பட்டையைப் படித்துவிடுங்கள்.