பீங்கான் வாத்தும் பற்றுச்சீட்டும்

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் தரையில், சீனாவிலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீலவெள்ளை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஆலயத்துக்குச் செல்லும் யூதர் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இயங்குகின்றன. கொச்சிக்குச் சுற்றுலா வரும் நம் வாடிக்கையாளர்கள் அங்கு ஏதேனும் ஒரு பொருளை விரும்பி வாங்குவதுண்டு. அது வெறும் அலங்காரப் பொருளா, சொத்தும் ஆகுமா என்பது பெரும்பாலும் உடன் பெறும் பற்றுச்சீட்டைப் பொறுத்தது. விலங்கு வடிவப் பிரெஞ்சுப் பீங்கானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

அடையாளம்

16ஆம் நூற்றாண்டில் பெர்னார் பாலிசி என்னும் பிரெஞ்சுக் கலைஞர் பாம்பு, பல்லி, மீன் உருவங்கள் புடைத்து நிற்கும் தட்டுகளைச் செய்து புகழ்பெற்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒனாங், சேன் கிளேமான் ஆகிய ஊர்களின் ஆலைகள் வாத்து, சேவல் போன்ற வடிவங்களில் வண்ணக் கூஜாக்களை உருவாக்கின. இவை அச்சில் வார்க்கப்பட்டவை. ஆகவே போலி செய்வதும் எளிது.

வாங்குமுன் அடிப்பகுதியைப் பாருங்கள். இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தது. எனவே 'பிரான்ஸ்' என்ற சொல் பொறித்த பொருள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. அச்சொல் இல்லாததாலேயே பொருள் பழையது என்று கொள்ளலாகாது. ஒட்டி வண்ணம் பூசிய இடங்களைப் புறஊதா விளக்கொளி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அயல்நாட்டில் வாழும் மகளுக்குப் பரிசாக அனுப்புவதும் இத்தடைக்கு உட்பட்டதே. வயதில் ஐயம் இருப்பின், தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னரே பெற வேண்டும். தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் தேவை. அதனைக் கேட்டறிவது வாங்குபவரின் உரிமை.

காப்பீடும் வரியும்

வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பதாலேயே கலைப்பொருளும் காக்கப்படும் என்று எண்ண வேண்டாம். 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் இத்தகைய பொருள்களுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில், தனியே கூடுதல் காப்பு கேட்டுப் பெற வேண்டும். கலைப்பொருளை விற்றுப் பெறும் ஆதாயம் மூலதன ஆதாயமாக வரிக்கு உட்படும். வாங்கிய விலையை மெய்ப்பிக்கப் பற்றுச்சீட்டு வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கின் வழியே செலுத்தினால் அதுவும் துணைச்சான்றாகும்.

கடனுக்கு ஈடாக இவற்றை வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே அவசரத் தேவைக்கான சேமிப்பை இவற்றில் முடக்காதீர்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் புகைப்படம், வாங்கிய நாள், விலை, முத்திரை விவரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, குடும்பத்தாரிடமும் தெரிவியுங்கள். சேகரித்தவர் மறைந்தபின், குறிப்பில்லாத அரிய பொருள் பழைய பாத்திரங்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விடலாம். பீங்கான் வாத்து கூடத்து அலமாரியை அலங்கரிக்கட்டும். அதன் பற்றுச்சீட்டைப் பெட்டகத்தில் வையுங்கள்.