வாசலில் நிற்பவரை எவ்வாறு அழைக்கிறோம்?

அண்மையில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய ஆறு வயதுப் பேத்தி ஓடிவந்து, "வாங்க ஹஜ்ரத்" என வரவேற்றாள். சற்று நேரத்தில் தோட்டவேலை செய்யும் பெரியவர் வாசலில் வந்து நின்றார், என்னினும் மூத்தவர். "உள்ளே வா" என்றாள் அதே குழந்தை. வீட்டார் எவரும் திடுக்கிடவில்லை. அவர்கள் அன்றாடம் சொல்வதைத்தானே அவளும் சொன்னாள்!

ஜாவாத் தீவின் மேற்கே வாழும் சுண்டா மக்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் மொழியில் மரியாதைக்கேற்பச் சொல்லே மாறிவிடும். தோழனிடம் பேசுகையில் வீடு 'இமாஹ்'. பெரியோரிடம் தன் வீட்டைப் பணிவாக 'ரோரொம்போக்' என்பர்; அவர் வீட்டையோ 'பூமி' என்பர். ஆம், நாம் அறிந்த அதே வடசொல்தான்! 17ஆம் நூற்றாண்டில் மத்தாராம் அரசின் செல்வாக்கால் வேரூன்றிய முறை இது. வீட்டின் படமொன்றைக் காட்டி, 'இது யாருடையது? யாரிடம் சொல்கிறாய்?' என்று கேட்டால் சிறுவர்க்கு எளிதில் விளங்கும்.

நாமும் செய்யலாம். ஓர் அட்டையில் கதவொன்றை வரையுங்கள். உருவப்படம் வேண்டாமென்போர் தயங்க வேண்டியதில்லை, முகமே தேவையில்லை. வேறு அட்டைகளில் பம்பரம், கைத்தடி, மண்வெட்டி ஆகியவற்றை வரைந்து, கதவருகே ஒவ்வொன்றாக வையுங்கள். பம்பரம் வந்தால் தம்பி: 'வா'. கைத்தடி வந்தால் நன்னா: 'வாருங்கள்'. மண்வெட்டியிடம்தான் குழந்தை தடுமாறும். அப்போது கைத்தடியையும் அதனருகே வையுங்கள்.

பெற்றோரிடம் கண்ணியமாகப் பேசப் பணிக்கும் திருக்குர்ஆன் வசனத்தை (17:23) பிள்ளைகளுக்கு மறவாமல் போதிக்கிறோம். எவரையும் இழிவாக எண்ணிப் பரிகசிப்பதைத் தடுக்கும் வசனம் (49:11) நமக்கே மறந்துபோகிறது.

கூர்மையான குழந்தை மற்றொன்றும் கேட்கும்: "நபியை 'அவர்கள்' என்கிறோம், அல்லாஹ்வை மட்டும் 'அவன்' என்கிறோமே?" அதட்டிவிடாதீர்கள், நல்ல கேள்வி. அரபியில் ஓர் ஆணை விளிக்க, அவர் எத்தகையவராயினும், 'அன்த்த' என்பதே பொதுச் சொல். தமிழில் மரியாதைப் பன்மை உண்டு. ஆயினும் இறைவன் ஒருவனே என்பதால் அவனுக்கு ஒருமையையே காத்து வருகிறோம்.

அன்று நண்பர் இல்லத்திலேயே அட்டைகளைக் கிழித்து விளையாடிப் பார்த்தோம். மாலையில் கூலி வாங்க வந்த பெரியவரை, "வாங்க தாத்தா" என்றாள் சிறுமி. அவர் தம் பின்னால் யாரோ வருவதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார்.