மழை கொட்டும் நாட்டில் குழாய் ஏன் வறள்கிறது?



ஒரு நாட்டின் வளம் எது என்று கேட்டால் எண்ணெய், செம்பனை, ஏற்றுமதி என்று அடுக்கிக்கொண்டே போவோம். ஒரு குடும்பத் தலைவியைக் கேட்டுப் பாருங்கள். பானையில் அரிசி, குழாயில் தண்ணீர், வீட்டில் மின்சாரம், இந்த மூன்றில் ஒன்று நின்றாலும் குடும்பம் தடுமாறிவிடும் என்பார். நாடும் ஒரு பெரிய குடும்பம்தான். உணவு, நீர், எரிசக்தி ஆகிய மூன்றையும் அது எப்படிக் கட்டிக்காக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இதற்கு நல்ல உதாரணம் நம் ஸ்ரீ கெம்பாங்கான். ஒரு பக்கம் செர்டாங்கில் மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. 1969இல் தோன்றிய அந்நிறுவனம் 2001இல் வெளியிட்ட எம்ஆர் 219 என்ற நெல் ரகம் நாடு முழுவதும் பயிரானது. அருகிலேயே 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் மைன்ஸ் ஏரி. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த பள்ளம் அது. நெல் ஆராய்ச்சியும் ஏரியும் இவ்வளவு அருகில் இருந்தும், நீர் விநியோகத் தடை என்றதும் இங்குள்ளவர்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஏன் இந்த நிலை?

மூன்றும் ஒரே முடிச்சு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். இந்த மூன்று வளங்களும் தனித்தனியானவை அல்ல. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரம் லிட்டருக்கும் அதிகமான நீர் வேண்டும். ஆற்று நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, நம் வீட்டுக்கு அனுப்ப மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிலையங்களுக்கோ நீராவிக்கும் குளிரூட்டலுக்கும் நீர் வேண்டும். ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் ஆடும்.

கெடா மாநிலத்தைப் பாருங்கள். நாட்டின் நெற்களஞ்சியமான மூடா சமவெளி, பெடு, மூடா, ஆனிங் அணைகளை நம்பியிருக்கிறது. அந்த அணைகளுக்கு நீர் தருவது உலு மூடா காடு. அங்கே மரம் வெட்டினால் அடிபடுவது காடு மட்டுமல்ல. நம் சோற்றுத் தட்டிலும் அது கை வைக்கும்.

அண்டை வீட்டார் கதவை அடைத்தால்?

"நம்மிடம் இல்லாததை வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கலாம். வாங்கலாம், விற்பவர் மனம் வைக்கும் வரை. 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் மின் நிலையங்களுக்கே நிலக்கரி போதவில்லை என்று ஏற்றுமதியைத் தடை செய்தது. நமது காப்பார் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் கப்பலில்தான் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி இங்கே பெர்னாஸ், இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. பத்து கிலோ 26 வெள்ளி என்று விலைக் கட்டுப்பாடு உள்ள உள்ளூர் அரிசி கடைகளில் அரிதாகிப் போனது. இந்தியா அந்தத் தடையை நீக்கியது 2024 செப்டம்பரில்தான்.

நாமும் சளைத்தவர்கள் அல்லர். 2022 ஜூன் முதல் தேதி கோழி ஏற்றுமதியை நிறுத்தி, சிங்கப்பூரைத் திண்டாட வைத்தோம். நெருக்கடி வந்தால் ஒவ்வொரு நாடும் முதலில் தன் பிள்ளைகளுக்குத்தான் பரிமாறும்.

அரிசியையும் நிலக்கரியையும் ஒரு நாடு மறுத்தால் இன்னொரு நாட்டில், கூடுதல் விலைக்காவது, வாங்கலாம். ஆனால் எழுபது, எண்பது லட்சம் பேர் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எந்தக் கப்பலில் தண்ணீர் வரும்? மூன்றில் முழுக்க முழுக்க நம் கையில் இருப்பது நீர்தான். அதைத்தான் நாம் மிக அலட்சியமாக நடத்துகிறோம்.

பஞ்சம் வானத்தில் இல்லை

இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 1998இல் எல் நினோ வறட்சி வந்து பங்கீட்டு முறையில் தண்ணீர் பிடித்தோம். 2014இலும் சிலாங்கூரில் பங்கீடு வந்தது. இவற்றுக்கு வானத்தைக் குறை சொல்லலாம். 2020க்கு யாரைச் சொல்வது?

அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி, ரவாங் அருகே ஒரு சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றில் சேர, நான்கு சுத்திகரிப்பு மையங்களை மூட நேர்ந்தது. 1,292 பகுதிகளில், ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. அடுத்த மாதமும் ஆற்றுத் தூய்மைக்கேடு மையங்களை மூட வைத்தது. ஆறு நிறைய நீர் ஓடியது. குழாயில் மட்டும் காற்று வந்தது.

இதில் முதலில் தவிப்பது யார்? தரைத் தொட்டி வைத்த வசதி படைத்தவர் அல்ல. மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்கு வாளி சுமக்கும் முதியவர். அன்றாட வருமானத்தை நம்பியிருக்கும் அங்காடிக் கடைக்காரர். சிறுநீரக நோயாளிக்கு ஒருமுறை இரத்தச் சுத்திகரிப்பு செய்ய நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். நீரிழிவு அதிகமுள்ள நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மலையைக் குடைந்தும் போதுமா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் அமைக்கப்பட்டது. அது 2014இல் முடிந்தது. அந்த நீர் உலு லங்காட்டில் உள்ள லங்காட் 2 மையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் சுரங்கத்தின் வாய்வரை நீரை ஏற்ற மின்சாரம் செலவாகிறது. தொலைவிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு லிட்டரும் எரிசக்தி விழுங்கும் லிட்டர்.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்திகரித்த நீரில், நாடு முழுவதும் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய குழாய்க் கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் ஆகியவற்றால் வருமானமின்றிப் போகிறது. கசிந்து மண்ணுக்குள் போகும் நீரோடு அதைத் தூய்மைப்படுத்திய மின்சாரமும் போகிறது. ஓட்டைப் பானையை அடைக்காமல் புதுக் கிணறு வெட்டுவது என்ன நிர்வாகம்?

எளிய வழியும் உண்டு. 2014 வறட்சியின்போது சிலாங்கூரில் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளின் நீரை ஆற்றுக்கு ஏற்றிச் சமாளித்தார்கள். நம் தாத்தாக்கள் காலத்து ஈயத் தொழில் விட்டுச்சென்ற பள்ளங்கள் பேரனுக்குத் தண்ணீர்த் தொட்டியாயின. அந்தக் குட்டைகளை குப்பை கொட்டவும் மண் நிரப்பவும் விட்டுவிடாமல் காப்பது மலையைக் குடைவதை விட மலிவு.

நம் பங்கு

2020க்குப் பின் சிலாங்கூர் மாநிலச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நீர் வளத்தை மாசுபடுத்துவோருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கால்வாய்க்கும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியாது. வீட்டுப் பின்புறக் கால்வாயில் வண்டி எண்ணெயின் நாற்றம் வந்தால் புகார் செய்யுங்கள். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 1998 வறட்சிக்குப் பின் 1999இல் மழைநீர் சேகரிப்புக்கு அரசாங்கம் வழிகாட்டி வெளியிட்டது. கூரையிலிருந்து ஒரு பீப்பாய்க்குக் குழாய் வைத்தால் போதும். செடிக்கும் வாகனத்துக்கும் வாசலுக்கும் அந்த நீரே ஆகும். மிச்சமாகும் சோறும் கணக்கில் சேர்ந்ததுதான். குப்பையில் விழும் ஒவ்வொரு பிடியோடும் வயலின் நீரும் அடுப்பின் எரிவாயுவும் விழுகின்றன.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பைத்தான் வைத்தார். வானம் நம் நாட்டுக்குத் தன் கடமையைக் குறைவின்றிச் செய்துகொண்டிருக்கிறது. அது தரும் நீர் நம் கால்வாயைத் தாண்டிக் குழாய்க்கு வந்து சேருமா என்பது நாம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. சிந்திப்போம், நேயர்களே.